பட்டத்துக்கும் பொறுப்புக்கும் நடுவே: இளம் கட்டடக் கலைஞர்களை வளர்ப்பது யார்?

எம்.பி.பி.எஸ். தேறியவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராக வார்டில் நின்ற பிறகுதான் முழுப் பதிவு பெறுகிறார். சட்டம் படித்தவர் அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். தேர்வு ஒருபுறமிருக்க, யாராவது ஒரு சீனியரிடம் சில ஆண்டுகள் கோப்பு தூக்காமல் அவரால் தனியாக வழக்கு நடத்தவும் முடியாது. ஆடிட்டர் ஆக நினைப்பவருக்கு ஆர்ட்டிகிள்ஷிப் கட்டாயம். 2023இல் அது மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்ததே தவிர, எடுக்கப்படவில்லை. கட்டடக் கலைஞருக்கு மட்டும் இந்தியாவில் இப்படியொரு இடைக்காலம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, ஏற்கப்பட்ட ஐந்தாண்டு பி.ஆர்க். பட்டத்தைக் காட்டிக் கட்டணம் கட்டினால் கட்டடக்கலைக் கவுன்சிலின் பதிவெண் வந்துவிடும். இருபத்து மூன்று வயதில் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை என எதற்கும் வரைபடம் போட்டுத் தன் முத்திரையைப் பதிக்கலாம்.

சட்டம் அவரை நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவராக அவரை ஆக்கும் பொறுப்பை மட்டும் யாரிடமும் அது ஒப்படைக்கவில்லை. கல்லூரி தன் வேலை முடிந்தது என்கிறது. அலுவலகம் தன்னிடம் வருபவர் கற்று முடித்து வர வேண்டும் என்கிறது. நடுவில் இருக்கும் நாலைந்து ஆண்டுகள் அவரவர் அதிர்ஷ்டம். நல்ல சீனியர் வாய்த்தவர் தேறுகிறார். வாய்க்காதவர் திரையில் கோடு இழுத்தே முப்பது வயதைத் தொடுகிறார். நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட கட்டடக்கலைக் கல்லூரிகள் இருக்கும் காலத்தில் ஒரு தொழிலின் எதிர்காலத்தை அதிர்ஷ்டத்திடம் விட்டுவைத்திருப்பது சரியா? பழைய பட்டறைகள், பெரிய ஆளுமைகளின் அலுவலகங்கள், பிற நாடுகளின் விதிமுறைகள், நம் ஊர் நிலைமை என்று இதன் முழுப் பரப்பையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம்.

கல்லூரியைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயம் அல்ல. ஸ்டுடியோவில் இரவு பகலாக மாடல் செய்து, ஜூரியின் முன் நின்று தன் வடிவமைப்புக்கு வாதாடும் மாணவருக்கு வேறு எந்தப் படிப்பும் தராத ஒரு பார்வை கிடைக்கிறது. வெளிச்சம், காற்று, மனிதர் நடமாட்டம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து ஓர் இடத்தைக் கற்பனை செய்ய அவர் பழகுகிறார். கல்லூரியால் தர முடியாதது வேறு. சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. “மேடம், டாய்லெட் சங்கன் எவ்வளவு இறக்கணும்?” என்று மேஸ்திரி கேட்கிறார். கம்பி கட்டுபவரும் சென்டரிங் ஆட்களும் பதிலுக்காக நிற்கிறார்கள். அந்த நிமிடத்தில் வேண்டியது கற்பனை அல்ல, தீர்ப்பு. தவறாகச் சொன்னால் தளம் போட்ட பிறகு உடைக்க வேண்டும். உடைக்கும் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வி அடுத்து வரும். டெண்டர் ஆவணம் எழுதுவது, கான்ட்ராக்டரின் பில்லைச் சரிபார்ப்பது, வீட்டுக்காரரின் மனமாற்றத்தைக் கையாள்வது, தன் கட்டணத்தைக் கூச்சமில்லாமல் கேட்பது, உள்ளாட்சி அலுவலகத்தில் கோப்பு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது ஆகிய எல்லாமே உண்மையான காசும் உண்மையான மனிதர்களும் இருக்கும் இடத்தில்தான் படியும். படிப்பின் நடுவே வரும் ஒரு பருவப் பயிற்சி இதற்குப் போதாது. அதில் பாதி அலுவலகத்தின் ஃபோல்டர்கள் எங்கே என்று தெரிந்துகொள்வதிலேயே போய்விடும்.

இந்த மண்ணில் கட்டடம் கட்டுவது நெடுங்காலம் பட்டறையில்தான் கற்கப்பட்டது. சிற்ப நூல்கள் நான்கு பேரைச் சொல்கின்றன: முழுவதையும் மனத்தில் கொண்டிருக்கும் ஸ்தபதி, நூல் பிடித்து அளவு வகுக்கும் சூத்ரகிராகி, கல்லையும் மரத்தையும் செதுக்கும் தட்சகர், அவற்றைச் சேர்த்து எழுப்பும் வர்த்தகி. ஒருவர் படிப்படியாக ஏறி வரக்கூடிய ஏணி அது. ஒவ்வொரு படியிலும் கை வேலை உண்டு, அடுத்த படிக்காரரின் கண்காணிப்பும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் இருப்பது பலருக்குத் தெரியும். அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் ஆகியோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தலைமைத் தச்சரோடு நின்றவர்களின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்த மரபு நம்முடையது. இன்று ஒரு கட்டடம் பத்திரிகையில் வெளிவரும்போது அதன் வேலைப் படங்கள் முழுவதையும் வரைந்த ஜூனியரின் பெயர் எத்தனை முறை அச்சாகிறது என்று பாருங்கள்.

அந்தப் பட்டறை மரபை நவீனக் கல்வியோடு சேர்க்க நடந்த முக்கியமான முயற்சி மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கட்டட, சிற்பக்கலைக் கல்லூரி. வை. கணபதி ஸ்தபதி அதை நீண்ட காலம் வழிநடத்தினார். கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டின் முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையில் அங்கு உருவான கைகளின் உழைப்பு இருக்கிறது. ஆனால் பட்டறை மரபை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. அது குலத்துக்குள்ளேயே சுழன்றது. பெண்களுக்கு அதில் இடமில்லை. கேள்வி கேட்பதைவிடக் கீழ்ப்படிவதை அது அதிகம் மதித்தது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கை வேலையும் மேற்பார்வையும் ஒரே இடத்தில் இருந்த அந்த அமைப்பை மட்டுமே.

நவீன இந்தியக் கட்டடக் கலையின் தொழில் அமைப்பே இளையவர்களின் சங்கமாகப் பிறந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் கட்டடக்கலை வகுப்பில் படித்து வெளியேறிய சிலர் 1917இல் கட்டடக்கலை மாணவர் சங்கம் என்ற ஒன்றை அமைத்தார்கள். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் அதன் முதல் தலைவர். அந்தச் சங்கம்தான் வளர்ந்து 1929இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் ஆயிற்று. படித்து முடித்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கக் கூடிய கூட்டம் அது. இன்று அதே கழகத்தின் கிளைகள் நடத்தும் மாலை நிகழ்ச்சிகளில் முன்வரிசை யாருக்கு, பின்வரிசை யாருக்கு என்று பார்க்கும்போது அந்தத் தொடக்கத்தை நினைவூட்டத் தோன்றுகிறது.

சுதந்திர இந்தியாவில் இளம் கட்டடக் கலைஞர்களை வளர்த்த மிகப் பெரிய பட்டறை ஒரு கல்லூரி அல்ல, ஓர் அரசு அலுவலகம். பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகராகச் சண்டிகரை எழுப்ப லெ கொர்பூசியே 1951இல் வந்தார். அவர் ஆண்டுக்கு இருமுறை வந்து போனார். அங்கேயே தங்கி வேலை பார்த்தவர்கள் அவருடைய உறவினர் பியர் ஜான்னரே, ஆங்கிலேயத் தம்பதியான மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய மூவர். அவர்களைச் சுற்றி எம்.என். சர்மா, ஆதித்ய பிரகாஷ், யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா, பி.பி. மாத்தூர் போன்ற இளம் இந்தியர்கள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். அமைச்சர் வீட்டிலிருந்து பியூன் வீடு வரை, பள்ளியிலிருந்து கடைத்தெரு வரை ஒரு நகரத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்த மேசைகளில் வரையப்பட்டன. செங்கல், வெயில், குறைந்த பணம் ஆகிய மூன்றும்தான் கட்டுப்பாடு.

சண்டிகரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கொர்பூசியேவின் பெயரைச் சொல்கிறார்கள். இளையவர்களை வளர்த்தவர் ஜான்னரே என்பது என் கணிப்பு. ஃப்ரையும் ட்ரூவும் மூன்றாண்டுகளில் கிளம்பினார்கள். ஜான்னரே 1965 வரை இருந்தார். அன்றாடக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது, தவறினால் பக்கத்தில் நின்று திருத்த நேரம் இருந்தது. அவர் போனபோது தலைமைப் பொறுப்பு எம்.என். சர்மாவிடம் வந்தது. யூலி சௌத்ரி பின்னாளில் பஞ்சாபின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார். ஆதித்ய பிரகாஷ் சண்டிகர் கட்டடக்கலைக் கல்லூரியின் முதல்வராக அடுத்த தலைமுறையை வளர்த்தார். வெளிநாட்டு நிபுணரை அழைத்து ஒரு கட்டடத்தை வாங்குவது ஒன்று. அவரோடு சேர்த்து ஒரு தலைமுறையை உருவாக்கிக்கொள்வது வேறு. சண்டிகரில் அரசு இரண்டாவதைச் செய்தது. இப்போது பெரிய அரசுக் கட்டடங்களுக்குப் போடப்படும் ஆலோசக ஒப்பந்தங்களில் இப்படி ஒரு எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

கொர்பூசியேவிடமிருந்து கிளம்பும் இன்னொரு கிளை அகமதாபாத்துக்குப் போகிறது. பாலகிருஷ்ண தோஷி ஜே.ஜே. கல்லூரியில் படிப்பை முடிக்காமல் லண்டன் போய், அங்கிருந்து 1951இல் பாரிஸில் கொர்பூசியேவின் அலுவலகத்தில் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் ஊதியம் கிடையாது. பிறகு அவருடைய கட்டடங்களை மேற்பார்வையிட அகமதாபாத்துக்கு அனுப்பப்பட்டார். 1962இல் அங்கே ஒரு கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய செப்ட் பல்கலைக்கழகம். அதே ஆண்டுகளில் லூயி கான் இந்திய மேலாண்மைக் கழகத்தை வடிவமைக்க வந்தபோது தோஷியின் அலுவலகமே அதன் இந்தியத் தளமாக நின்றது. கானிடம் ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்த்த அனந்த் ராஜே, 1974இல் கான் இறந்த பிறகு அந்த வளாகத்தை வளர்த்தெடுத்தார். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் ஆனார் தோஷி. பட்டமே இல்லாமல் தொடங்கி, ஒரு சீனியரின் மேசையிலும் சைட்டிலும் கற்று, தானே ஒரு பள்ளியாக ஆனவர் அவர். ஆனால் இந்தக் கதையில் அந்த ஊதியமில்லா மாதங்களை நாம் காவியமாக்கிவிடக் கூடாது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தெற்கே லாரி பேக்கர் முற்றிலும் வேறு வழியில் போனார். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவிலேயே வாழ்ந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். பெரிய அலுவலகம் அவரிடம் இல்லை. கையில் கிடைத்த தாளில் வரைந்து, சைட்டில் நின்று, கொத்தனாரோடு பேசி, அங்கேயே மாற்றுவார். எலிப்பொறிக் கட்டு, ஜாளி, நிரப்புத் தளம் ஆகிய அவருடைய உத்திகளை ஒருவர் படத்தைப் பார்த்துக் கற்க முடியாது. செங்கலை எடுத்து வைக்கும்போதுதான் புரியும். கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் போன்றோரோடு சேர்ந்து 1985இல் உருவான கோஸ்ட்ஃபோர்டு அமைப்பு அந்த முறையைத் தனி மனிதரிடமிருந்து ஒரு நிறுவனத்துக்கு மாற்றியது. பேக்கர் இல்லாத இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே இளையவர்கள் போய்ச் சேர்வதற்கு அதுதான் காரணம். தமிழ்நாட்டு வாசகர்கள் இதன் விளைவைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பார்க்கலாம். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவுக்கு பேக்கர் வடிவம் தர, அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ் அதைத் தொடர்ந்தார். மூத்தவர் தொடங்கிய வளாகத்தை இளையவர் தன் கையால் வளர்ப்பதைவிடச் சிறந்த சான்றிதழ் ஒரு ஜூனியருக்கு ஏது?

ஆரோவில்லையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். அங்கே 1989இல் நிறுவப்பட்ட மண் கட்டுமான நிறுவனத்தின் பயிற்சிகளில், படிக்கத் தெரியாத கொத்தனார் முதல் பட்டம் பெற்ற ஆர்க்கிடெக்ட் வரை சேர முடிகிறது. மண்ணைப் பிசைந்து அழுத்திக் கல்லாக்கும் இயந்திரத்தின் முன் இருவரும் ஒன்றுதான். கொத்தனாரிடமிருந்தும் கற்கலாம் என்ற எண்ணம் ஒரு இளம் கட்டடக் கலைஞருக்குத் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் அவருடைய அடுத்த முப்பது ஆண்டுகளும் வேறு மாதிரி இருக்கும்.

இலங்கையில் ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராக இருந்து, பிறகு படித்து, 1957இல் தன் முப்பத்தெட்டாம் வயதில் கட்டடக் கலைஞராகத் தேறியவர். தாமதமாக வந்ததாலோ என்னவோ, தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டார். டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர், நெடுங்காலம் பங்காளியாக இருந்த தமிழ்ப் பொறியாளர் பூலோகசுந்தரம், ஓவியர்கள், நெசவாளர்கள் என்று அந்த அலுவலகத்தில் ஒரு ஜூனியர் கண்ணால் பார்த்தே கற்க ஏராளம் இருந்தது. அவர் வழியில் வந்தவர்களில் சி. அஞ்சலேந்திரனின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுத் தாழ்வாரமே அலுவலகம். ஒரு நேரத்தில் நான்கு உதவியாளருக்கு மேல் இல்லை. அவர்களும் பெரும்பாலும் மாணவர்கள். இலங்கையின் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்கள் போன்ற வேலைகள் இந்த அளவிலேயே நடந்தன. நான்கு பேர்தான் என்றால் யாரும் மூலையில் மறைந்துவிட முடியாது. ஆசிரியரின் ஒவ்வொரு முடிவும், ஒவ்வொரு தயக்கமும், வாடிக்கையாளரோடு நடக்கும் ஒவ்வொரு வாக்குவாதமும் எல்லோருக்கும் கேட்கும்.

சண்டிகர், அகமதாபாத், திருவனந்தபுரம், கொழும்பு ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான். இவர்கள் யாரும் தனியாகப் பாடம் எடுத்து இளையவர்களை வளர்க்கவில்லை. முடிவு எடுக்கப்படும் இடத்தில் இளையவர்களை உட்கார வைத்தார்கள். சிறியதானாலும் முழுதாக ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்தப் பொறுப்பு கட்டடமாக எழும்வரை கூடவே இருந்தார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயிற்சி அரைகுறை. பெரிய அலுவலகத்தில் ஐந்தாண்டு இருந்தும் கழிப்பறை விவரப் படங்களை மட்டுமே வரைந்தவருக்கு முதலாவது இல்லை. திருத்தங்களை மட்டும் செய்தவருக்கு இரண்டாவது இல்லை. சைட்டுக்கே அனுப்பப்படாதவருக்கு மூன்றாவது இல்லை.

ஆனால் ஆளுமைகளை நம்பியிருப்பதன் குறையும் இங்கேயே இருக்கிறது. பாவாவின் கதவைத் தட்ட முடிந்தவர் யார்? பாரிஸில் சம்பளமில்லாமல் காலம் தள்ளக்கூடியவர் யார்? பின்னால் குடும்பத்தின் தாங்கலோ, கடும் பட்டினியைப் பொறுக்கும் துணிவோ இருந்தவர்கள். ஊதியமில்லாத வாய்ப்பு என்பது வசதியுள்ளவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். 2019இல் லண்டனின் செர்பென்டைன் காட்சிக்கூடம் தன் கோடைக் கூடத்தை ஜப்பானின் ஜுன்யா இஷிகாமியிடம் ஒப்படைத்தபோது, அவருடைய அலுவலகம் சம்பளமில்லாப் பயிற்சியாளர்களைத் தேடியது தெரியவந்து உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த வேலையில் ஈடுபடும் அனைவருக்கும் ஊதியம் தர வேண்டும் என்று காட்சிக்கூடம் நிபந்தனை விதித்தது. நம் ஊரில் இந்த விவாதம் இன்னும் முணுமுணுப்பாகவே இருக்கிறது. ‘அனுபவமே சம்பளம்’ என்ற பேச்சை நகரத்தில் அறை வாடகை கட்டும் பிள்ளையிடம் சொல்வது நேர்மையல்ல.

அதிர்ஷ்டத்தை விதியாக மாற்ற முயன்ற நாடுகள் உண்டு. பிரிட்டனில் பட்டம் முதல் பகுதி, முதுநிலைப் படிப்பு இரண்டாம் பகுதி, தொழில் தேர்வு மூன்றாம் பகுதி என்று மூன்று படிகள் வைத்தார்கள். இடையில் இரண்டாண்டு வேலை அனுபவம்; அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதி, அலுவலக மேற்பார்வையாளரும் கல்லூரி ஆலோசகரும் கையெழுத்திட வேண்டும். இந்த இரட்டைக் கையெழுத்துதான் அதன் உயிர். அலுவலகம் இளையவரைச் சுரண்டினால் சொல்வதற்கு வெளியே ஒருவர் இருக்கிறார். அங்கீகாரம் பெற்ற அலுவலகங்களில் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியமாவது தர வேண்டும் என்ற விதியை அரச கட்டடக் கலைஞர் கழகம் 2011இல் கொண்டுவந்தது. படிப்பு மிக நீளமாகிச் செலவு கூடிவிட்டதால் இந்த மூன்று படி முறையையே அங்கு இப்போது மாற்றி அமைக்கிறார்கள்.

அமெரிக்காவில் கணக்கு மணிநேரத்தில். 1976இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் 2016 முதல் புதிய பெயரில் நடக்கிறது. உரிமம் கேட்பவர் 3,740 மணிநேர அனுபவத்தை ஆறு பிரிவுகளில் காட்ட வேண்டும். வடிவமைப்புக்கு 1,080, வேலைப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் 1,520, திட்ட மேலாண்மைக்கு 360, தேவைகளை ஆராய்வதற்கு 260, அலுவலக நிர்வாகத்துக்கு 160, கட்டுமானப் பணிக்கு 360. இதற்கு மேல் ஆறு தாள் தேர்வு. சுரண்டலுக்கு இது ஓரளவு தடை. ஓர் அலுவலகம் ஒருவரை வெறும் படம் வரைபவராகவே வைத்திருந்தால் அவருடைய மற்றப் பிரிவுகள் காலியாகவே நிற்கும். மேற்பார்வையாளர் தவிர, அலுவலகத்துக்கு வெளியே ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. ஆனால் எண்களைக் கூர்ந்து பாருங்கள். மொத்த நேரத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு திரைக்கு முன்னால். கட்டடம் எழும் இடத்துக்கு ஒன்பது வார அளவே வருகிறது. மணி எண்ணுவதில் இருக்கும் சிக்கல் இதுதான்: மணியை நிரப்பலாம், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்தாரா என்பதை மணி சொல்லாது. ஆகவே அமெரிக்க முறையைப் பெயர்த்து இங்கே நட்டால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லாததைவிட மேல் என்று மட்டும் சொல்வேன்.

உலகக் கட்டடக் கலைஞர் ஒன்றியம் 1999இல் பெய்ஜிங்கில் ஏற்ற உடன்பாடு ஐந்தாண்டுப் படிப்பும் குறைந்தது இரண்டாண்டு பயிற்சியும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. முதல் பாதி நம்மிடம் இருக்கிறது. இரண்டாம் பாதி இல்லை. நம் கட்டடக்கலைக் கவுன்சிலின் 1989ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிகள், கட்டடக்கலைக் கல்வியையும் ஆராய்ச்சியையும் பயிற்சியையும் உயர்த்துவதை ஒவ்வொரு கட்டடக் கலைஞரின் கடமையாகவே சொல்கின்றன. ஜூனியருக்கு ஒரு ஒழுங்கான பயிற்சித் திட்டம் இல்லாத அலுவலகம் அந்தக் கடமையை மீறவில்லையா என்று யாரும் இதுவரை கேட்காததுதான் வியப்பு. 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரை மட்டுமே காக்கிறது. வடிவமைப்பு வேலையை மற்றவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை என்பது தீர்ப்பு. அப்படியானால் இந்தப் பட்டப்பெயருக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? அதைத் தாங்குபவரின் தேர்ச்சியிலிருந்துதான். சட்டப் பாதுகாப்பு குறைந்த நேரத்தில் பயிற்சியின் தேவை கூடியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதுக்கும் பொதுவானவை. பக்க இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு, வண்டி நிறுத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. 2024 ஜூலையில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை கட்டும் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்தது. இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். மக்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அலுவலகத்தில் ஒரு அதிகாரி பார்த்துத் திருத்திய இடத்தில் இப்போது பார்ப்பவர் இல்லை. சரியாக வரைய வேண்டிய பொறுப்பு முழுவதும் படம் போடுபவர்மேல் வந்துவிட்டது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்பு தேடி வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். வரைபடத்தில் போடும் கையெழுத்தின் எடை என்ன என்று ஒரு இளையவருக்குச் சொல்லித்தர அந்த ஒரு நாள் போதும். அதைச் சொல்லித்தரும் நேரமும் ஆளும்தான் நம் அலுவலகங்களில் இல்லை.

சென்னையில் இருப்பவருக்காவது கூட்டம், கண்காட்சி, அறிமுகம் என்று ஏதோ கிடைக்கும். தேனியிலோ அறந்தாங்கியிலோ பிறந்து, அண்ணா பல்கலைக்கழகத்திலோ திருச்சி என்.ஐ.டி.யிலோ மதுரை தியாகராசரிலோ படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவரை நினைத்துப் பாருங்கள். ஊரில் வீட்டுக்குப் ‘பிளான் போட்டுத் தர’ இன்ஜினியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் எதற்கு என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு விளக்க வேண்டும், கட்டணத்தை நிலைநாட்ட வேண்டும், முதல் கட்டடத்தில் நீர்க்கசிவு வந்தால் அவமானத்தையும் தாங்க வேண்டும். போன் செய்து கேட்க ஒரு அண்ணன், ஒரு அக்கா இல்லாமல் இவர்களில் பலர் இரண்டாண்டில் உள்ளலங்காரக் கடைக்கோ, மென்பொருள் நிறுவனத்துக்கோ போய்விடுகிறார்கள். நகரத்துக்கு வெளியே நல்ல கட்டடங்கள் அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்களின் நிலை தனியே சொல்ல வேண்டியது. வகுப்பறையில் பெண்கள் பாதிக்கு மேல் இருப்பது வெகு சாதாரணம். அலுவலகத் தலைமையில் அப்படி இல்லை. கண்டியில் மினெட் டி சில்வா 1940களின் கடைசியிலேயே சொந்தத் தொழில் தொடங்கினார். ஷீலா ஸ்ரீபிரகாஷ் 1979இல் சென்னையில் தன் அலுவலகத்தை நிறுவினார். வழி புதிதல்ல. ஆனால் சைட்டில் கழிப்பறை இல்லாததாலும், இரவு கான்கிரீட் போடும் நாளில் வீடு திரும்ப வண்டி இல்லாததாலும், ‘மேடம் ஆபீஸ்லயே இருக்கட்டும்’ என்ற அக்கறைப் பேச்சாலும் பெண் ஜூனியர்கள் மெல்ல மெல்ல அலங்காரப் படங்களுக்கும் விளக்கக் காட்சிகளுக்கும் ஒதுக்கப்படுகிறார்கள். சைட் மறுக்கப்பட்டவருக்குத் தொழிலின் பாதி மறுக்கப்படுகிறது. குழந்தை பிறந்த பின் இரண்டு மூன்று ஆண்டு விட்டுத் திரும்பி வருபவருக்கு மறுபடி நுழைய வாசலும் இல்லை.

பதிவு பெற்ற பிறகான தொடர்கல்வி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரிட்டனில் அரச கழக உறுப்பினர் ஆண்டுக்கு 35 மணிநேரம் கற்றதைக் காட்ட வேண்டும். அதில் 20 மணிநேரம் பத்து அடிப்படைப் பாடங்களில். இங்கே பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் போதும். தொடர்கல்வி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி டைல்ஸ், பெயிண்ட், அலுமினிய சன்னல் நிறுவனங்களின் விருந்தோடு கூடிய விளக்கக் கூட்டங்கள். பொருளைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அதை விற்பவரே ஒரே ஆசிரியராக இருப்பது தவறு.

என்ன செய்யலாம்? பதிவுக்கு முன் இரண்டாண்டு மேற்பார்வையிலான, ஊதியத்தோடு கூடிய பயிற்சியைக் கட்டாயமாக்க 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஊதியம் என்ற சொல் இல்லாமல் பயிற்சியை மட்டும் கட்டாயமாக்கினால் அது இலவச உழைப்பைச் சட்டமாக்குவதாக முடியும். அப்படியொரு திருத்தம் வராமல் இருப்பதே நல்லது. சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். மாநில அரசின் பொதுப்பணித் துறையும் நகர் ஊரமைப்புத் துறையும் ஆண்டுதோறும் இளம் கட்டடக் கலைஞர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி இடங்களைத் திறக்கலாம். ஒரு அரசுப் பள்ளிக் கட்டடத்தை வரைபடத்திலிருந்து சாவி ஒப்படைப்பு வரை பார்த்தவர் அதன் பிறகு எந்த வேலைக்கும் அஞ்ச மாட்டார். இந்தியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் கிளைகள் மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மூத்த ஆர்க்கிடெக்டுகள், அனுபவமுள்ள மேஸ்திரிகள் ஆகியோரைச் சேர்த்து, இளையவர்கள் தங்கள் படங்களோடு வந்து கேட்கக்கூடிய மாதாந்திரக் கூடுகையை நடத்தலாம். இதற்குப் பெரிய பணம் வேண்டாம்.

இதைப் படிக்கும் இளம் கட்டடக் கலைஞர்களுக்கு: வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் சைட்டுக்கு அனுப்புவீர்கள், வாடிக்கையாளர் கூட்டத்தில் உட்கார விடுவீர்களா, நான் வரைந்ததில் என் பெயர் இருக்குமா என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். எடுத்த ஒவ்வொரு முடிவையும் அதன் விளைவையும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இந்த நாட்டில் உங்களுக்கென்று பதிவேடு வைப்பவர் வேறு யாரும் இப்போதைக்கு இல்லை.

அலுவலகம் நடத்தும் மூத்தவர்களுக்கு: அடுத்த முறை கான்ட்ராக்டரின் பில்லைப் பார்க்க உட்காரும்போது உங்கள் ஜூனியரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த வரியை ஏன் அடித்தீர்கள் என்று சொல்லுங்கள். இந்த ஆண்டு வரும் சிறிய வேலைகளில் ஒன்றை, ஒரு காம்பவுண்டு சுவரானாலும் சரி, வரைவதிலிருந்து கட்டி முடிப்பது வரை அவரிடமே விடுங்கள். முடிந்ததும் அவர் பெயரைப் போடுங்கள்.